வாயுக் கசிவைத் தள்ளி நின்றே பார்ப்பது எப்படி: அகச்சிவப்புக் கேமராவை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்களுக்கு

ஒரு பைப் இணைப்பை வெறும் கண்ணால் பார்க்கிறீர்கள். பெயின்ட், நட்டு, போல்ட்டு, கொஞ்சம் துரு. வேறொன்றும் இல்லை. அதையே மீத்தேனுக்கான அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால், கீழ்ப் போல்ட்டின் இடுக்கிலிருந்து ஊதுவத்திப் புகை மாதிரி ஓர் இழை நெளிந்து மேலே போகிறது. முதல் தடவை இதைப் பார்ப்பவர்கள் கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் மறுபடி ஒரு தடவை பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். கண்ணுக்கு அங்கே இன்னமும் ஒன்றுமே தெரியவில்லை.

காற்றை உறிஞ்சி வாயு இருக்கிறதா என்று சொல்லும் மோப்பக் கருவியை வைத்துச் சோதிப்பவர் ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். கேமரா பிடிப்பவர் சில மீட்டர் தள்ளி நின்று ஒரு வரிசை வால்வுகளையே பார்த்துவிடலாம். கசிவு பெரிதென்றால் நூறு மீட்டருக்கு அப்பாலிருந்தும் தெரியும். உங்கள் உடம்பு வாயுவுக்குள் போக வேண்டியதில்லை என்பதுதான் இந்தக் கருவியின் பெரும் பயன். ஆனால் புதிதாக வருபவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே ஒரு தப்புக் கணக்குப் போடுகிறார்கள். திரையில் எதுவும் தெரியவில்லை, ஆகவே வாயு இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்தக் கணக்கு ஆளையே காவு வாங்கிவிடும். அதனால் எப்படிப் பார்ப்பது என்பதோடு, எப்போது தெரியாமல் போகும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில்: உங்கள் வாயு இந்தக் கேமராவுக்குத் தெரியுமா?

ஜான் டிண்டால் என்ற இயற்பியலாளர் 1859ஆம் ஆண்டு லண்டனில் ஒரு குழாய்க்குள் வாயுக்களை அடைத்து, அதனூடே வெப்பக் கதிரை, அதாவது அகச்சிவப்பை, செலுத்திப் பார்த்தார். ஆக்ஸிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் ஆகியவை கதிரை ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டன. விளக்கெரிக்கப் பயன்பட்ட நிலக்கரி வாயு கதிரைப் பெருமளவு விழுங்கிவிட்டது. இன்று நாம் தோளில் மாட்டிக்கொண்டு அலையும் கேமராவுக்குள் நடப்பதும் அதேதான்.

ஒவ்வொரு வாயுவும் அகச்சிவப்பில் தனக்கென்று சில அலைநீளங்களைத்தான் விழுங்கும். மீத்தேன், புரொப்பேன், பியூட்டேன் போன்ற ஹைட்ரோகார்பன்களுக்கு அது 3.3 மைக்ரானைச் சுற்றி இருக்கிறது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதனால் அவற்றுக்கான கேமராவில் 3.2 முதல் 3.4 மைக்ரான் வரை மட்டும் உள்ளே விடும் குறுகலான ஃபில்டர் இருக்கும். கார்பன் டை ஆக்ஸைடுக்கு 4.3 மைக்ரான், கார்பன் மோனாக்ஸைடுக்கு 4.6ஐ ஒட்டி, துணைமின் நிலையங்களில் பயன்படும் சல்ஃபர் ஹெக்ஸாஃபுளூரைடுக்கு 10.6ஐ ஒட்டி. ஒன்றுக்கான கேமரா இன்னொன்றைக் காட்டாது. சுவர் ஈரமும் மின் இணைப்புகளின் சூடும் பார்க்கப் பயன்படும் சாதாரண தெர்மல் கேமராவை வைத்து மீத்தேனைத் தேடவே வேண்டாம். அது 8 முதல் 14 மைக்ரான் வரை மொத்தமாகப் பார்ப்பது. அவ்வளவு கதிர் உள்ளே வரும்போது வாயு விழுங்கும் துளியளவு அதில் கரைந்துபோகும்.

எந்தக் கேமராவிலும் தெரியாத வாயுக்களும் உண்டு. ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்ஸிஜன், குளோரின் ஆகியவற்றில் ஒரே மாதிரி இரண்டு அணுக்கள் சேர்ந்திருக்கின்றன. அவை அகச்சிவப்பை விழுங்குவதில்லை. ஹைட்ரஜன் குளிரூட்டும் ஜெனரேட்டர்களில் கசிவு தேடுபவர்கள் ஹைட்ரஜனோடு கொஞ்சம் கார்பன் டை ஆக்ஸைடைக் கலந்துவிட்டு, அதைத் துப்பாக வைத்துத் தேடுகிறார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு விஷயத்திலும் இந்தக் கேமராவை நம்பக் கூடாது. அது வேறு கருவியின் வேலை. ஆக, தளத்துக்குக் கிளம்பும் முன்பே அங்கே ஓடும் வாயுக்களின் பட்டியலை வாங்கி, எது தெரியும் எது தெரியாது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்: உங்களைக் காப்பது கேமரா அல்ல

உடம்பில் மாட்டும் கேஸ் மானிட்டர் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். கேமரா எதிரே இருப்பதை மட்டும் காட்டும். உங்களைச் சூழ்ந்து நிற்கும் காற்றில் என்ன இருக்கிறது என்று மானிட்டர்தான் சொல்லும். மீத்தேன் காற்றில் 5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை இருந்தால் தீப்பிடிக்கும். புரொப்பேனுக்கு 2.1 சதவீதமே போதும். மானிட்டர் கத்தினால் படம் எடுத்து முடித்துவிட்டு வரலாம் என்று நிற்காதீர்கள். காற்றுக்குக் குறுக்காக நகர்ந்து, வாயு வரும் பாதையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்தது, கேமராவே ஒரு மின்கருவி. பேட்டரி, மோட்டார், திரை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. வெடிப்பு அபாயப் பகுதிக்கு என்று சான்று பெற்ற மாடல்கள் இருக்கின்றன, ஆனால் பல மாடல்களுக்கு அந்தச் சான்று கிடையாது. உங்கள் கேமரா எந்த வகை என்று லேபிளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். சான்று இல்லையென்றால் அபாயப் பகுதிக்கு வெளியே நின்று படம் பிடியுங்கள். உள்ளே போய்த்தான் ஆக வேண்டுமென்றால் தளப் பொறுப்பாளரிடம் அதற்கான பர்மிட் வாங்குங்கள். கையில் இருக்கும் செல்போனுக்கும் இதே விதிதான்.

காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, காற்று வரும் பக்கமாகவே நெருங்குங்கள். ஒரு துண்டு ரிப்பனைக் கம்பில் கட்டி வைத்தாலே போதும். எது எங்கே தேங்கும் என்பதையும் மனதில் வைத்திருங்கள். மீத்தேன் காற்றின் பாதி எடைக்குச் சற்று மேல், அதனால் மேலே போகும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு கனம். இவை தரையோடு தவழ்ந்து பள்ளத்திலும் வடிகாலிலும் தேங்கும். மைனஸ் 162 டிகிரியில் இருக்கும் திரவ இயற்கை எரிவாயு கொட்டினால், அது மீத்தேனாக இருந்தும் குளிரின் கனத்தால் தாழ்வாகவே பரவும். அங்கே கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புகை வாயு அல்ல, குளிரில் திரண்ட காற்றின் ஈரப்பதம். அந்தப் புகைக்கு வெளியிலும் தீப்பிடிக்கும் அளவுக்கு வாயு இருக்கலாம்.

இன்னொன்று. கேமராவில் கண்ணை வைத்தபடி ஒரு அடிகூட நடக்காதீர்கள். குழாய்களும் படிகளும் பள்ளங்களும் நிறைந்த இடம் அது. நில்லுங்கள், பாருங்கள், கேமராவை இறக்குங்கள், அப்புறம் நடங்கள். கூட ஒருவர் இருந்தால் நல்லது. நீங்கள் திரையைப் பார்க்கும் நேரத்தில் அவர் சுற்றிலும் பார்த்துக்கொள்வார்.

பின்னணியைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மற்றதெல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும். பின்னணியைப் பார்க்கப் பழகத்தான் மாதங்கள் ஆகும்.

கேமரா வாயுவைத் தனியாகப் பார்ப்பதில்லை. பின்னால் இருக்கும் சுவரோ தொட்டியோ வானமோ அகச்சிவப்பை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நடுவில் வரும் வாயு அதில் கொஞ்சத்தை விழுங்குகிறது, தன் வெப்பத்துக்கு ஏற்பக் கொஞ்சம் தானும் வெளிவிடுகிறது. பின்னணி வாயுவைவிடச் சூடாக இருந்தால் விழுங்குவது அதிகம். குளிர்ந்ததைக் கருப்பாகக் காட்டும் வண்ண அமைப்பில் அப்போது வாயு கருநிழலாகத் தெரியும். பின்னணி குளிர்ச்சியாக இருந்தால் வெளிவிடுவது அதிகம், வாயு வெளுப்பாகத் தெரியும். இரண்டும் ஒரே வெப்பத்தில் இருந்தால் விழுங்கியதும் வெளிவிட்டதும் சரிக்குச் சரியாகிவிடும். வாயு அங்கேயே குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தாலும் திரையில் மறைந்துவிடும்.

இதை ஒரே காட்சியில் பார்க்கலாம். வெயில் ஏறிய தொட்டிச் சுவரின் முன்னால் ஒரு வால்விலிருந்து கசிவு கிளம்புகிறது. சுவருக்கு எதிரே அது கருத்த இழை. கொஞ்சம் மேலே, நிழலில் கிடக்கும் ஒரு தாங்கு கம்பியைத் தாண்டும்போது இழை அறுந்துபோனது போலத் தெரிகிறது. அதற்கும் மேலே, தெளிந்த வானத்துக்கு எதிரே அதே இழை வெள்ளையாக மறுபடி தோன்றுகிறது. வாயு எங்கும் நிற்கவில்லை. பின்னணி மட்டும் மூன்று முறை மாறியிருக்கிறது.

வெளியே வந்த வாயு சிறிது தூரத்திலேயே சுற்றுக் காற்றின் வெப்பத்துக்கு வந்துவிடும். அதனால் கணக்கு எளிது: காற்றின் வெப்பநிலைக்கும் பின்னணியின் வெப்பநிலைக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம்? ஐந்து டிகிரிக்கு மேல் இருந்தால் நிம்மதியாகத் தேடலாம். இரண்டு மூன்று என்றால் பெரிய கசிவுகள் மட்டும் கண்ணில் படும், சின்னவை தப்பிவிடும். காலையிலும் மாலையிலும் சுவரும் உலோகமும் காற்றின் வெப்பத்தைத் தாண்டிப் போகும் ஒரு நேரம் வரும். அந்த நேரத்தில் எடுக்கும் சர்வே பெரும்பாலும் வீண். மேகம் மூடிய நாளில் வானமும் அவ்வளவு குளிர்ச்சியாக இருக்காது, பின்னணியாக அதன் பலம் குறையும்.

வித்தியாசம் போதவில்லையா? இடத்தை மாற்றுங்கள். இரண்டு அடி பக்கவாட்டில் நகருங்கள். மண்டியிட்டுக் கீழிருந்து பாருங்கள், வால்வுக்குப் பின்னால் வானம் வந்துவிடும். தெளிந்த வானத்தைவிட நல்ல பின்னணியை நான் பார்த்ததில்லை. எந்த இணைப்பாக இருந்தாலும் குறைந்தது இரண்டு கோணங்களிலிருந்து பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். பளபளக்கும் தகடு போர்த்திய குழாய்களிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. அவை தம் சொந்த வெப்பத்தைக் காட்டாமல் எதிரே இருக்கும் வானத்தையோ வெயிலையோ கண்ணாடி போலப் பிரதிபலிக்கும்.

எவ்வளவு தூரம்?

பாதுகாப்பான தூரம் இத்தனை மீட்டர் என்று ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. அழுத்தம், வாயு, காற்று, தளத்தின் விதிகள் எல்லாம் சேர்ந்து முடிவு செய்வது அது. வரிசையைச் சொல்லலாம். முதலில் தூரத்தில் நின்று மொத்தத் தளத்தையும் பாருங்கள். பெரிய மேகம் ஏதாவது தெரிந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். நெருங்காமல், உடனே தகவல் சொல்லிவிட்டுப் பின்வாங்குங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் மட்டும், காற்று வரும் பக்கமாக, படிப்படியாக நெருங்குங்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே பார்த்துவிடலாமே என்று தோன்றும். முடியாது, காரணம் இதுதான். 24 டிகிரி பார்வை கொண்ட லென்ஸும் குறுக்கே 320 பிக்ஸல்களும் உள்ள கேமரா என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் ஒரு பிக்ஸல் ஏறக்குறைய 1.3 சென்டிமீட்டர் அகலத்தைப் பார்க்கிறது. 50 மீட்டரில் அது 6.5 சென்டிமீட்டர், 100 மீட்டரில் 13. விரல் தடிமன் உள்ள வாயு இழை 100 மீட்டரில் ஒரு பிக்ஸலின் சிறு மூலையாகிவிடும், தெரியாது. தூரப் பார்வை லென்ஸ் மாட்டினால் இந்த எண்கள் சுருங்கும். ஆனால் காட்சியும் குறுகும், கை நடுக்கம் பெரிதாகும், ட்ரைபாட் அவசியமாகிவிடும்.

கசிவு பெரிதாக இருந்தால் கதையே வேறு. கலிஃபோர்னியாவின் அலிசோ கேன்யன் நிலத்தடி வாயுச் சேமிப்பகத்தில் 2015 அக்டோபரில் ஒரு கிணறு கசியத் தொடங்கி, 2016 பிப்ரவரியில்தான் அடைபட்டது. வெளியேறிய மீத்தேன் ஏறக்குறைய 97,000 டன். மலைமேலிருந்து கொட்டிக்கொண்டிருந்த அந்த மேகம் வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை. அகச்சிவப்புக் கேமராவில் எடுத்த வீடியோ வெளிவந்த பிறகுதான் அதன் பிரம்மாண்டம் உலகத்துக்குப் புரிந்தது.

துணைமின் நிலையங்களிலும் இந்தத் தூரம் பெரிய வரம். மின்சாரம் ஓடும் கருவிக்குப் பக்கத்தில் போகாமல், மின்சாரத்தை நிறுத்தாமல், அனுமதிக்கப்பட்ட இடைவெளியில் நின்றே சல்ஃபர் ஹெக்ஸாஃபுளூரைடு கசிவைப் பிடிக்கலாம். நூறாண்டுக் கணக்கில் அந்த வாயுவின் ஒரு கிலோ 23,000 கிலோவுக்கும் அதிகமான கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். சின்னக் கசிவையும் விடக் கூடாது என்பது அதனால்தான்.

கேமராவை இயக்கும் முறை

ஹைட்ரோகார்பன் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் கதிரை உணரும் டிடெக்டர் ஏறக்குறைய மைனஸ் 196 டிகிரிக்குக் குளிர்ந்த பிறகே வேலை செய்யும். சுவிட்சைப் போட்டதும் உள்ளே ஒரு சின்ன மோட்டார் உறுமத் தொடங்கும். மாடலைப் பொறுத்து ஐந்து பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அவசரப்படாதீர்கள்.

குளிர்ந்ததும், கேமரா உண்மையிலேயே வாயுவைக் காட்டுகிறதா என்று தினமும் சோதியுங்கள். தளத்துக்கு வெளியே, தீ எதுவும் இல்லாத திறந்தவெளியில், பியூட்டேன் லைட்டரின் வால்வைப் பொறி பறக்காமல் ஒரு நொடி அழுத்தினால் போதும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அது பளிச்சென்று தெரிய வேண்டும். லைட்டரை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போங்கள்.

அடுத்து ஃபோகஸ். தூரத்தில் கூர்மையாக வைத்துவிட்டு அருகில் இருக்கும் வால்வைப் பார்த்தால் மெல்லிய இழை மங்கிக் கரைந்துவிடும். ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் நட்டின் விளிம்பு கூர்மையாகத் தெரியும்வரை ஃபோகஸைத் திருப்புங்கள். வண்ணங்களில் கருப்பு வெள்ளையே புதியவர்களுக்கு நல்லது. வானவில் நிறங்கள் பார்க்க அழகாக இருக்கும், மெல்லிய அசைவை விழுங்கிவிடும்.

அப்புறம் அசையாமல் நில்லுங்கள். வாயுவை நாம் கண்டுபிடிப்பது அதன் அசைவால்தான். ஒரு வால்வுத் தொகுதியைச் சட்டென்று வீசிப் பார்த்துவிட்டு நகர்வதில் பயனில்லை. கேமராவை நிறுத்தி, மூச்சைச் சற்று அடக்கி, ஒவ்வொரு இணைப்பிலும் சில நொடியாவது கண்ணை வையுங்கள். கசிவுகள் வழக்கமாக ஒளிந்திருக்கும் இடங்கள்: வால்வுத் தண்டைச் சுற்றிய அடைப்பு (பேக்கிங்), போல்ட் போட்டு இறுக்கிய குழாய் விளிம்புகளுக்கு (ஃப்ளாஞ்ச்) நடுவிலுள்ள கேஸ்கெட், மரை இணைப்புகள், கம்ப்ரஸரின் சீல், தொட்டியின் மேல்மூடி, முழுசாக மூடாத பாதுகாப்பு வால்வின் வெளியேற்றுக் குழாய் (வென்ட்).

பெரும்பாலான கேமராக்களில் உணர்திறன் கூட்டிய ஒரு முறை உண்டு. வீடியோவின் முந்தைய சட்டகத்தை (ஃப்ரேம்) இப்போதையதிலிருந்து கழித்து, மாறியதை மட்டும் அது பெரிதுபடுத்தும். மெல்லிய கசிவு அதில் பளிச்சென்று எழும். ஆனால் கை நடுங்கினால் மொத்தப் படமும் நடுங்கும், ஆடும் இலையும் பறக்கும் பூச்சியும் வாயு போலவே மினுங்கும். முதலில் சாதாரண முறையில் பார்த்து, பிறகு ட்ரைபாடில் வைத்து இந்த முறைக்குப் போவதே என் பழக்கம்.

காற்று பலமாக அடித்தால் வாயு கிளம்பும் இடத்திலேயே கிழிந்து கலைந்துவிடும். மழையும் மூடுபனியும் கதிரை மறைக்கும். அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுவது குற்றமில்லை. கண்ணும் களைக்கும்: அரை மணி நேரம் தொடர்ந்து பார்த்தால் ஐந்து நிமிடம் கேமராவைக் கீழே வையுங்கள். களைத்த கண் கசிவைத் தாண்டிப் போய்விடும், அதை அது உணரவும் செய்யாது.

தெரிவது வாயுதானா?

நீராவி, எஞ்சின் புகை, சூடான காற்று, மேகத்தின் நிழல் எல்லாம் ஏமாற்றும். நீராவி பெரும்பாலும் வெறும் கண்ணுக்கும் வெள்ளையாகத் தெரியும், கொஞ்ச தூரத்திலேயே கரைந்துவிடும். பிரதிபலிப்பு நீங்கள் நகர்ந்தால் கூடவே நகரும். வாயு காற்றின் போக்கில் போகும், எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்பும். ஆகவே திரையில் வாயு மேகம் போல எதையாவது பார்த்தால் காற்றுக்கு எதிர்த்திசையில் கண்ணால் பின்தொடர்ந்து, ஆரம்பிக்கும் புள்ளியைப் பிடியுங்கள். அந்தப் புள்ளி கிடைக்கும்வரை அது சந்தேகம் மட்டுமே. கிடைத்த பிறகு, நெருங்குவது பாதுகாப்பானது என்று மானிட்டர் சொன்னால், மோப்பக் கருவியாலோ சோப்பு நுரையாலோ உறுதிசெய்யலாம். அதைப் பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்கள் செய்யட்டும்.

கேமரா அளவைச் சொல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். திரையில் மேகம் எவ்வளவு அடர்த்தி என்பது வாயுவின் செறிவையும், அந்த மேகத்தின் தடிமனையும், பின்னணி வித்தியாசத்தையும் பொறுத்தது. குளிர்ந்த வானத்துக்கு எதிரே சின்னக் கசிவும் பயமுறுத்தும். மந்தமான சுவருக்கு எதிரே பெரிய கசிவும் அற்பமாகத் தெரியும்.

எழுதி வைப்பது

புகைப்படம் போதாது, வீடியோ எடுங்கள். நின்றுபோன படத்தில் வாயு வெறும் கறை மாதிரி இருக்கும். முதலில் பத்து விநாடி அகலமாக, எந்த இடம் என்று தெரியும்படி. பிறகு கிளம்பும் புள்ளியை நெருக்கமாக. கூடவே சாதாரண கேமராவில் ஒரு படம், கருவியின் எண், நேரம், தூரம், நின்ற திசை, காற்று, காற்றின் வெப்பநிலை, பின்னணி என்ன என்பது.

எதுவும் தெரியாத இடங்களுக்கும் இதே விவரங்கள் வேண்டும். அறிக்கையில் ‘கசிவு இல்லை’ என்று எழுதாதீர்கள். ‘இந்த நேரத்தில், இந்தத் தூரத்தில், இந்தப் பின்னணியில் கசிவு தெரியவில்லை’ என்று எழுதுங்கள். அதை நம்பி நாளைக்கு ஒருவர் அந்த வால்வுக்குப் பக்கத்தில் ஸ்பானரோடு போய் நிற்கப் போகிறார்.

பழுது பார்த்து முடித்த பிறகு மறுபடி போய்ப் பாருங்கள். முதல் நாள் நின்ற அதே இடம், அதே கோணம், முடிந்தால் அதே நேரம். அன்றைக்கு வானம் மூடியிருந்து, காற்றும் சுவரும் ஒரே வெப்பத்தில் இருந்தால், திரை வெறுமையாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வெயில் வரும்வரை காத்திருந்து இன்னொரு முறை பாருங்கள், அல்லது மோப்பக் கருவியை வைத்து முடித்துவிடுங்கள்.